‘பார்த்துக் கொடுங்க’ என்று இனிச் சொல்லாதே!

“பார்த்துக் கொடுங்க.”

தம்பி, தங்கச்சி, இந்த இரண்டு சொல்லைப் போல நம்மை ஏழையாக்கிய சொல் வேறு இல்லை. மரியாதையாகத்தான் சொல்கிறோம். காசு விஷயத்தில் நாக்கு நீளக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளைகள் நாம். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார். பார்க்கிறவர் எதிராளி. கொடுக்கிறவரும் எதிராளி. நடுவில் நீ எங்கே இருக்கிறாய்? கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாய்!

நானும் அப்படி நின்றவன்தான். முதல் வேலைக்கான நேர்காணலில், “என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?” என்று கேட்டார்கள். நாலு நாள் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த தொகை தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தேன். “நீங்க பார்த்துக் கொடுங்க சார்” என்று விழுந்தது. பார்த்தார்கள். கொடுத்தார்கள். எனக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்த பக்கத்து மேசைக்காரன் என்னைவிடக் கூடுதலாக வாங்குகிறான் என்பது இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. அவன் கேட்டான், நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வியாதியிலிருந்து என்னைத் தேற்றியது மேடைப் பேச்சாளர் யாரும் இல்லை. ஒரு பழைய டிராயர் பீரோ. சிரிக்காதே, கேள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா திருச்சி கன்டோன்மென்டில் ஒரு ராணுவத் துரை வீட்டில் பட்லர். துரை ஊரைவிட்டுக் கிளம்பும்போது வீட்டுச் சாமானையெல்லாம் ஏலம் போட்டாராம். ஏலத்தில் போகாமல் நின்ற ஒன்றைச் சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் கொள்ளுத்தாத்தா தலையில் கட்டிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார் என்று அப்பாயி சொல்லுவாள். அவரும் அன்றைக்கு, “தொரை பார்த்துக் குடுங்க” என்றுதான் நின்றிருப்பார். எங்கள் பரம்பரைச் சொத்தில் முதலாவது அந்தச் சொல், இரண்டாவதுதான் பீரோ.

மேலே சின்னதாக இரண்டு டிராயர், அதன்கீழ் நீளமாக மூன்று. மூலைக்கு மூலை பித்தளைத் தகடு. கைப்பிடிகள் வெளியே துருத்தாமல் மரத்துக்குள் புதைந்திருக்கும். மேல் டிராயரில் வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும், அடி டிராயரில் போன தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசும் கிடக்கும். சொந்தக்காரர்கள் அதைத் ‘துரை வீட்டு மிச்சம்’ என்று கேலி பேசுவார்கள். அப்பா காலத்துக்குப் பிறகு பாகம் பிரித்தபோது நிலம் ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு என்று போனது. பீரோ எனக்கும் தங்கைக்கும் பொதுவாக வந்தது. பாசத்தால் வரவில்லை, வேறு யாரும் வேண்டும் என்று சொல்லாததால் வந்தது.

இந்த மாதிரி சாமானுக்குத் தமிழில் உருப்படியாக ஒரு பெயர்கூட இல்லை, கவனித்தாயா? அலமாரி, மேசை, சாவி, ஏலம், நாலும் போர்த்துக்கீசியரிடமிருந்து நம் வாய்க்கு வந்தவை. பீரோ பிரெஞ்சுச் சொல். தரையில் உட்கார்ந்து, துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து வாழ்ந்த வீடுகளுக்கு இந்த இழுப்பறை அடுக்கு விருந்தாளி. டிராயர் பீரோ என்று ஒட்டுப்போட்டு ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். சொந்தப் பெயர்கூட இல்லாத ஒன்றை மதிக்க யாருக்குத் தோன்றும்?

விற்றுவிடலாம் என்று நினைத்தோம். பழைய சாமான் எடுக்கிற ஒருவர் வந்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். பக்கப் பலகையை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

“பழைய சாமான் சார். கால் ஆடுது பாருங்க. பூட்டுக்குச் சாவி இல்ல. இப்பல்லாம் யாரு இத வாங்குறா? ஏழாயிரம்னா எடுத்துக்கறேன். வண்டிக் கூலி உங்களோடது.”

என் நாக்கு பழைய தடத்தில் தானாக ஓடியது. “கொஞ்சம் பார்த்துக் கொடுங்க.”

“சரி, உங்க முகத்துக்காக ஏழாயிரத்து ஐநூறு.”

ஐநூறு ரூபாய்க்கு என் முகம் விலைபோனது. அப்போது தங்கை வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டாள். “அண்ணே, அவரு ஒரு டிராயரைக்கூடத் திறந்து பார்க்கலியே. பார்க்காத மனுஷனுக்கு விலை எப்படித் தெரிஞ்சுது?”

பின்னால் யோசித்தபோது புரிந்தது. அவர் பார்க்காமல் இல்லை. பார்க்க வேண்டியதை ஒரே நடையில் பார்த்து முடித்துவிட்டார். பிறந்ததிலிருந்து கூடவே இருந்தும் பார்க்காதவன் நான்தான்!

மறுநாள் ஒரு வயதான ஆசாரியை அழைத்து வந்தேன். எழுபதைத் தாண்டியவர். “இது என்ன பெறும், பெரியவரே?” என்றேன். மனிதர் முறைத்தார். “விலை அப்புறம் தம்பி. மொதல்ல எல்லா டிராயரையும் வெளிய இழு. கவுத்துப் போடு.”

தரையெல்லாம் டிராயர். முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையைக் காட்டினார். இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருந்தது. புறாவால் பூட்டு. ஆணி இல்லாமல் பிடித்து நிற்கும். “மிஷின் வெட்டுனா எல்லாப் பல்லும் ஒரே அச்சா இருக்கும். இங்க பாரு, ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லி. மனுஷன் கை வெட்டுனது.” அந்தப் பற்களின் அடியில் முடிபோல ஒரு கீறல் ஓடியது. வெட்டும் முன் அளவுக்குக் கிழித்த கோடு. எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறது! பின்பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவச் சொன்னார். மெல்லிய அலை. இழைப்புளி போன தடம். டிராயரின் அடி விளிம்பில், ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம். பொய்யாகப் பழமை பண்ணுகிறவன் எல்லா இடத்தையும் ஒரே மாதிரித் தேய்த்துவிடுவான். நிஜமான தேய்மானம் கை படுகிற இடத்திலும் பலகை உரசுகிற இடத்திலும் மட்டும் இருக்கும். காற்றுப்பட்ட உள்பலகை கறுத்தும், படாத சந்து வெளிறியும் கிடக்கும்.

பழைய திருகாணி ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். தலையில் உள்ள வெட்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. முனை மொட்டை. கூர்முனைத் திருகாணிகள் இயந்திரத்தில் பெருவாரியாக வந்தது 1840-களுக்குப் பிறகுதான். ஆனால் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சீமைப் புத்தகங்களில் போட்டிருக்கும் கணக்கை அப்படியே நம் ஊர்ச் சாமானுக்குப் போடக் கூடாது. அங்கே இயந்திரம் வந்த பிறகும் இங்கே நெடுங்காலம் கையால்தான் அறுத்தார்கள், கையால்தான் புறாவால் வெட்டினார்கள். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து வயது சொல்கிறவனை நம்பாதே. நாலைந்து அடையாளம் ஒன்றையொன்று ஆமோதிக்க வேண்டும். உன்னை ஒரே ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்து எடைபோட்டார்களே, அவர்களுக்கும் இதைச் சொல்!

பிறகுதான் அந்த அதிசயம். ஆசாரி மேல் பாகத்தின் இரு பக்கமும் கைவைத்து, “அந்தப் பக்கம் பிடி, தூக்கு” என்றார். தூக்கினேன். பீரோ இரண்டாகக் கழன்று வந்தது! மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. நாற்பது வருடமாக அதைத் துடைத்தவன் நான். அது இரண்டு துண்டு என்று எனக்குத் தெரியாது. அடுத்து ஆடுகிற காலைப் பிடித்துத் திருகினார். கால் கழன்று கையோடு வந்தது.

“கால் ஆடுதுன்னு சொன்னானா? கழட்டத்தானேய்யா செஞ்சிருக்கு!”

அது பயணப் பீரோ. அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி தன் மேசை நாற்காலியைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். படை இடம்பெயர்ந்தால் கப்பலிலும் மாட்டு வண்டியிலும் ஒட்டகத்திலும் அவையும் கூடப் போகும். அதற்காகவே இரண்டு பாதியாகச் செய்தார்கள், கால்களைத் திருகிக் கழற்றும்படி கடைந்தார்கள், கயிற்றில் மாட்டாதபடி கைப்பிடியை மரத்துக்குள் புதைத்தார்கள். மூலைப் பித்தளை அலங்காரத்துக்கு வைத்ததில்லை, அடி வாங்குவதற்கு வைத்தது. கரையானும் வெயிலும் தின்னாத தேக்கில் செய்தது.

குறை என்று சொல்லி விலையை இறக்கினாரே, அந்த ஆடும் கால்தான் அதன் குலச் சான்று! இதைக் கேட்டபோது எனக்குள் எது எரிந்தது என்று சொல்ல வார்த்தை இல்லை. உன் வாழ்க்கையிலும் ஓர் ஆடும் கால் இருக்கும். “இவன் ஓர் இடத்தில் நிலையாக உட்கார மாட்டான்” என்றிருப்பார்கள். “இந்தப் பெண் கேள்வி கேட்டே உயிரை எடுப்பாள்” என்றிருப்பார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுத் தலைகுனிந்தாயே, ஒருநாளாவது அதைக் கையில் பிடித்துத் திருகிப் பார்த்தாயா? ஓர் இடத்தில் உட்காராதவன் ஊர் ஊராகப் போய்ச் செய்ய வேண்டிய தொழிலுக்குப் பிறந்தவனாக இருக்கலாம். கேள்வி கேட்கிறவள் வழக்கறிஞராகவோ நிருபராகவோ ஆக வேண்டியவளாக இருக்கலாம். உன்னை வாங்க வந்தவன் சொல்லும் குறைப்பட்டியல், அவனுடைய பேரப் பட்டியல். அதை உன் ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதே!

பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாவித் துவாரம் வட்டமாக இருந்தது. தகட்டைத் துடைத்ததும் ஒரு பெயர் தெரிந்தது. பிராமா. நம் காதுக்குப் பிரம்மா என்றே கேட்கும். ஜோசப் பிராமா, இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு விவசாயி வீட்டில் 1748-இல் பிறந்தவர். காலில் அடிபட்டு ஏர் பிடிக்க முடியாமல் போனது. தச்சரிடம் வேலை பழகினார். லண்டனுக்குப் போய் மரச்சாமான் செய்தார். 1784-இல் தன் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு அவர் கடை ஜன்னலில் ஒரு பலகை தொங்கியது. இந்தப் பூட்டைச் சாவியில்லாமல் திறக்கும் கருவியைச் செய்கிறவருக்கு 200 கினி பரிசு! எப்படிப்பட்ட நெஞ்சுரம்! அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் திறக்க முடியவில்லை. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாள்களில் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்தார். இந்தக் கதையில் எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். ஏர் பிடிக்க முடியாத கால் என்று வீட்டோடு முடங்காமல், தன் வேலையின் பெயரால் ஊருக்கே சவால் விட்டவர் ஒருவர். எல்லாரும் முடியாது என்று ஒதுங்கியதன் முன்னால் 51 மணி நேரம் குனிந்து உட்கார்ந்தவர் இன்னொருவர். நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இரு. பலகையைப் படித்துவிட்டு நடையைக் கட்டுகிற கூட்டத்தில் மட்டும் இருக்காதே!

தன் பொருளைத் தானே பார்க்காதவர் கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு பெண்மணி வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றவரிடம் ஒரு மேசையைப் பார்த்தார். 30 டாலர் சொன்னதை 25-க்குப் பேசி வாங்கினார். பழம்பொருள்களை நிபுணர்கள் மதிப்பிடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அதை எடுத்துப் போனபோதுதான் வெளிச்சமானது. பாஸ்டனில் ஜான் சீமோர் அண்ட் சன் செய்த மேசை. செய்தவர்கள் ஒட்டிய சீட்டு அடிப்பாகத்திலேயே இருந்தது. 1998 ஜனவரியில் ஏலத்தில் 5,41,500 டாலருக்குப் போனது. எல்லாரும் வாங்கியவரின் அதிர்ஷ்டத்தைப் பேசுவார்கள். நான் விற்றவரை நினைக்கிறேன். சீட்டு அவர் வீட்டில்தான் அத்தனை காலமும் இருந்தது. குனிந்து ஒருமுறை அடியைப் பார்க்கவில்லை!

நீயும் குனிந்து பார். ஒரு தாளை எடு. உனக்குச் செய்யத் தெரிந்ததை எழுது. ‘நல்ல பிள்ளை, உழைப்பாளி’ என்று எழுதினால் கிழித்துப்போடு. அது முகப்புப் பாலிஷ். பதினைந்து வயதில் அப்பா கடையைத் தனியாக ஒரு மாதம் நடத்தினாயா? எழுது. குழுச் சேமிப்புக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதினாயா? எழுது. பாட்டியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதித் தேறினாயா? அது உன் தேய்ந்த பள்ளம், யாரும் போலி செய்ய முடியாதது. எழுது!

ஆசாரி கிளம்பும் முன் நான் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். “நல்லா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புதுசா வார்னிஷ் அடிச்சா விலை கூடுமில்ல?” என்றேன். பதறிப்போனார். பழைய மரத்தின் மேல் நிற்கும் அந்த ஆழ்ந்த நிறம் அரக்கு பாலிஷும் வெளிச்சமும் கைச்சூடும் சேர்ந்து தலைமுறைக் கணக்கில் ஏறியது. பழம்பொருள் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். உப்புத்தாள் அதை அரைமணி நேரத்தில் தின்றுவிடும். பிறகு எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்ப வராது. தூசியை மெத்தென்ற உலர்ந்த துணியால் துடை, அதோடு நிறுத்து.

தூசி வேறு, மெருகு வேறு. பட்டணத்து வேலைக்காகத் தங்கள் ஊர்ப்பேச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்பா டீக்கடை வைத்திருக்கிறார் என்பதை நண்பர்களிடம் சொல்லாமல் ‘பிசினஸ்’ என்று முணுமுணுக்கும் பிள்ளைகளைத் தெரியும். சோம்பல் தூசி, துடைத்து எறி. சொன்ன நேரத்துக்கு வராத பழக்கம் தூசி, துடைத்து எறி. உன் ஊரும் உன் பேச்சும் உன் அப்பன் கையில் ஏறிய டீக்கறையும் மெருகு. கைவைக்காதே!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு காலில் ஒன்று பின்னால் போட்டது. மரை வேறு, கடைசல் வேறு. பின்பலகையில் ஒன்றும் மாற்றியது. அடி டிராயருக்குள் பழைய துளைகள் இருந்தன. கைப்பிடி ஒருமுறை மாறியிருக்கிறது. இவையெல்லாம் மதிப்பைக் குறைக்கும், சந்தேகமே இல்லை. தாத்தா சொத்து என்பதற்காக எவனும் கூடுதலாக ஒரு ரூபாய் தர மாட்டான். அந்தப் பாசம் உனக்கு, சந்தைக்கு இல்லை. வெளிநாட்டுச் சந்தையிலேயே இந்தப் பழுப்பு நிற மரச்சாமான்களுக்கு இருபது முப்பது வருடம் முன்பு இருந்த மவுசு இப்போது இல்லை. தன்னம்பிக்கை என்றால் ‘நான் விலைமதிப்பற்றவன்’ என்று கூவுவது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது இல்லை. மாற்றுக் காலை முதலில் தானே காட்டுகிறவனின் மற்ற மூன்று காலையும் எதிராளி நம்புவான். உன் அரியர் பேப்பரை நீயே சொல். அவன் கண்டுபிடிக்கும்வரை வியர்த்துக்கொண்டு உட்காராதே.

விலைக்கு வருவோம். வாங்குகிறவனிடம் மதிப்புக் கேட்காதே. மதிப்புச் சொல்கிறவனுக்குக் கூலி கொடு, சாமானைக் கொடுக்காதே. விலையில் இத்தனை சதவீதம் எனக்கு என்கிற மதிப்பீட்டாளர் வேண்டாம். ஒரே பொருளுக்கு வியாபாரி எடுக்கும் விலை ஒன்று, ஏலத்தில் எதிர்பார்க்கும் விலை ஒன்று, காப்பீட்டுக்கு எழுதும் விலை ஒன்று. கேட்கும்போதே எந்த விலை என்று கேள். முகப்பு, முதுகு, அடிப்பாகம், பூட்டு, மூலை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, நீள அகலத்தோடு இரண்டு மூன்று பேரிடம் காட்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தேக்குச் சாமான்கள் கடை கடையாக நிற்கின்றன. ஒருநாள் போய் வாங்காமல் நடந்து பார், கண் பழகும். நூறு வயதைத் தாண்டிய கைவினைப் பொருளை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘ஃபாரினுக்கு அனுப்பினால் கோடி’ என்று ஆசை காட்டுகிறவனை வாசலோடு அனுப்பிவிடு. இன்னொன்று, மரக்கடைக்குப் போய்த் தேக்கு கன அடி என்ன விலை என்று விசாரித்தேன். ஏழாயிரத்து ஐநூறுக்கு அந்தப் பீரோவின் பாதிப் பலகைகூட வராது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படி விசாரித்து அலைந்த பத்து நாளில் நான் ஒன்றும் நிபுணன் ஆகிவிடவில்லை. ஆனால் என் முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த மாதமே அலுவலகத்தில் மேலாளர் அறைக் கதவைத் தட்டினேன். மூன்று வருடத்தில் செய்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன், சொதப்பிய ஒன்றையும் சேர்த்து. ஒரு தொகையைச் சொன்னேன். குரல் நடுங்கியது, மறைப்பானேன். தொகை நடுங்கவில்லை. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் பேச்சு நான் சொன்ன எண்ணிலிருந்து தொடங்கியது!

தங்கைக்கு ஒரு யோசனை வந்தது. “இரண்டா கழலுதே, ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டா என்ன?” ஆசாரியிடம் கேட்டோம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார், “பிரிக்கிறது பயணத்துக்கு தாயி, பாகத்துக்கு இல்ல.” பீரோ இப்போதைக்கு முழுசாக அவள் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. விற்பதா வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை.

போன மாதம் அதே வியாபாரி வந்தார். கண் பீரோவின் கால்களில்தான் முதலில் விழுந்தது. “முடிவா ஒரு விலை சொல்லுங்க சார்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

“உக்காருங்கண்ணே. மொதல்ல அடி டிராயரை வெளிய இழுங்க.”